ஏழாம் மாதக் காய்ச்சல்

சுடர்விழி பம்புசெட்டுக் குழாய்க்கு நேரே வாயைக் காட்டிக்கொண்டு நின்றாள். குடிக்கக் குடிக்க அவளுக்குத் தாகம் அடங்கவில்லை. பாவாடை நனைந்து முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ரெத்தினம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வரப்பில் போன தன் அண்ணன் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டு மகளைக் காட்டினான்.

"பாத்தியாண்ணே, இவ ஒருத்திக்கே மேட்டூரத் தொறந்து விடணும் போலிருக்கு."

"குடிக்கிறது மட்டுமா? ராவெல்லாம் பாயில வடிகால் வெட்டுறாளாமே!"

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் சுடர்விழிக்குப் புரையேறிவிட்டது. ரெத்தினம் அவள் தலையில் தட்டிவிட்டு மறுபடியும் மடையைத் திருப்பப் போனான்.

விடிந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. நிற்காமல் வாந்தி. ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். கருவியில் எண்ணே வரவில்லை, அளவு அது காட்டும் எல்லையையும் தாண்டிப் போயிருந்தது. சின்னப் பிள்ளைக்கும் சர்க்கரை வியாதி வரும் என்று ரெத்தினம் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டான். மறுநாள் பிள்ளை இல்லை.

காரியத்தன்று பந்தலுக்கடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது வைரக்கண்ணுதான் ஆரம்பித்தான். "பொறந்த பிள்ளையோட கொடிய மாட்டுக்கொட்டாய் ஓரமாப் பொதைக்கிறதுதான் நம்ம வழக்கம். இவன் படிச்சவனாச்சே! ஆஸ்பத்திரியில ஆராய்ச்சிக்கு வேணும்னு கேட்டாங்கன்னு தூக்கிக் குடுத்தான். வெட்டிப் பாக்கக் குடுத்தா குடும்பம் வெளங்குமா?"

பந்தலில் அத்தனை பேரும் ரெத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நஞ்சுக்கொடியைக் கொடுத்தது உண்மைதான். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் மனைவி வேம்பு இருந்தாள்.

"கொடி என்னண்ணே பண்ணிச்சு? இவதான் அழுவுற நேரமெல்லாம் கடலைமிட்டாயக் குடுத்துக் குடுத்து எம்புள்ளயக் கொன்னுட்டா."

வேம்பு எழுந்து உள்ளே போனாள். மறுநாள் காலை பஸ்ஸில் திருப்பனந்தாள் பக்கம் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. ரெத்தினம் போய்க் கூப்பிடவும் இல்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

மார்கழியில் ஒரு நாள், பிரசவம் பார்த்த தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டர் எல்சி பேசினார். "பாப்பாவுக்கு ஆறு வயசு ஆயிருக்குமே. அந்த ஆராய்ச்சியில இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் இப்ப கணையத்த ஸ்கேன் பண்ணிப் பாக்கறோம். ஒரு நாள் அழைச்சிட்டு வர்றீங்களா?"

ரெத்தினத்துக்குப் போனில் சொல்ல வாய் வரவில்லை. "வர்றேங்க" என்று வைத்துவிட்டான். தஞ்சாவூருக்குத் தனியாகத்தான் போனான்.

விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் எழுந்து வந்தார். அவனை உட்காரச் சொல்லிப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரெத்தினம்தான் கேட்டான். "அந்தக் கொடியில என்ன பாத்தீங்க டாக்டரம்மா?"

"அழற்சி இருந்துச்சு. புண்ணச் சுத்திச் செவந்து வீங்கும் பாருங்க, அது மாதிரி செல்லுக்குள்ள நடக்கறது. வயித்துல இருக்கறப்ப கொடியில அப்படி இருந்தா, பிள்ளையோட கணையம் வளர்றது கொறையுதான்னுதான் பாத்துட்டு இருக்கோம். சர்க்கரையக் கட்டுப்படுத்தற இன்சுலின் அந்த உறுப்புலதான் ஊறுது."

"அப்ப அதாலதான் எம்புள்ள…"

"அப்படிச் சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்லைங்க. இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் இத்தனை பாடு."

"மிட்டாய் குடுத்ததாலயா?"

"இல்ல." இதற்கு மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. "பிள்ளைங்களுக்கு வர்ற இந்த வகைச் சர்க்கரை வியாதி இனிப்பு தின்னு வர்றதில்ல. யாரு அப்படிச் சொன்னது?"



டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் விட்டுப்போயிருக்கு. கர்ப்பத்துல அவங்களுக்குக் காய்ச்சல் ஏதும் வந்துச்சா?"

வந்தது. இரண்டாம் போகத் தாளடி நடவு. ஆள் கிடைக்காத வருஷம். முறைவைத்து விடும் தண்ணீர் வந்து வயலில் நிற்க, நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வேம்புவுக்கு ஏழாம் மாதம். உடம்பு அனலாய்க் கொதித்தது. அடிவயிற்றில் இழுக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். "நடவு முடியட்டும் வேம்பு, ரெண்டு நாள் பொறுத்துக்க" என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அவளும் கணுக்கால் சேற்றில் இறங்கி நட்டாள்.

"இல்லீங்க," என்றான்.

சொன்ன கையோடு எழுந்துவிட்டான்.  மிட்டாயால் இல்லை என்ற ஒரு சொல் கிடைத்திருக்கிறது, அதைக் கொண்டுபோய் வேம்புவின் முன்னால் வைத்தால் வந்துவிடுவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திருப்பனந்தாள் பஸ் ஏறினான்.

வேம்பு வாசலில் விதை உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"டாக்டரப் பாத்துட்டு வர்றேன். இனிப்பால வரலியாம்."

"அது எனக்குத் தெரியும்."

"இல்ல வேம்பு, அன்னைக்கு நான்…"

"பெத்தவ நான் அன்னைக்கு ராத்திரி சொன்னப்ப ஏறல. டாக்டர் சொன்னதும் ஏறிடுச்சாக்கும்." முறத்தைத் தட்டினாள். "வேற என்ன சொன்னாங்க?"

கொடியில் அழற்சி இருந்ததைச் சொன்னான். கணையம் வளர்வதைப் பற்றிச் சொன்னான். கடைசியில், சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "காய்ச்சல் வந்துச்சான்னு கேட்டாங்க."

முறம் நின்றது. "என்ன சொன்னீங்க?"

"இல்லன்னுட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தான். பந்தலில் அவன் அத்தனை பேர் முன்னால் பேசியபோது திருப்பி அடிக்க அவளிடம் இந்தக் காய்ச்சல் இருந்தது. அப்போதும் அவள் அதை எடுக்கவில்லை. அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உளுந்தைப் பார்த்தான்.

"அவங்க எத்தினி பிள்ளைங்களுக்காவப் பாக்கறாங்க," என்றாள் வேம்பு மெதுவாக. "நம்ம புள்ளகிட்டேருந்து பொய் போவக் கூடாது. போனப் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தான். அவள் ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"நான் சுடர்விழி அம்மா பேசறேங்க. எனக்கு ஏழாம் மாசம் காய்ச்சல் வந்துச்சு. நல்ல காய்ச்சல், அஞ்சாறு நாள் இருந்துச்சு. அவங்க மறந்துட்டாங்க."

"அப்படியாம்மா? அப்ப ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?"

 இப்போது அவள் சொல்லிவிடட்டும் என்று கூட ரெத்தினத்துக்கு இருந்தது. சொல்லிவிட்டால் பாரம் குறையும்.

"தோணலீங்க," என்றாள் வேம்பு. "நடவு நேரம்."

அவன் வாயைத் திறந்தான். நான்தான் போகவிடவில்லை என்று சொல்ல இரண்டே எட்டுத் தூரத்தில் போன் இருந்தது. வார்த்தை வரவில்லை. வேம்பு அவனைப் பார்த்தாள், காத்திருப்பது போலக் கொஞ்ச நேரம். பிறகு போன் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி தன்னோடு வா என்று அவளைக் கேட்க முடியாது என்பது ரெத்தினத்துக்குத் தெரிந்துவிட்டது.

"திருத்திடறேம்மா," என்றது டாக்டரின் குரல். "நீங்க சொன்னது பெரிய உதவி. மத்ததையும் வாசிக்கறேன், சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. ஒரு மாசம் முன்னாடியே பொறந்தது. பெண் குழந்தை. எடை ரெண்டு கிலோ நூறு."

"ஆமாங்க," என்றாள் வேம்பு. "ரெண்டு கிலோ நூறு."