கடைசி ஆள்

கணவன் இறந்துபோன பிறகு தங்கை வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அதுதான். "அக்கா, அந்தப் பேராலயத்துக் கூரைமேல ஏறிப் பாக்கணும்."

அக்காவுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. மாதக்கணக்காகச் சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகிறவள், சாலையை இருபுறமும் பாராமல் கடக்கிறவள், கேட்டால் "ம்" என்பதற்கு மேல் பேசாதவள், இன்று ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்கிறாள். ஆனால் அவள் கேட்டதோ ஊரிலேயே உயரமான இடம்.

"அவர் ஒரு நாள் போகணும்னு சொல்லிட்டே இருந்தார்" என்றாள் தங்கை.

அக்கா மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தம் பரிசோதிப்பவள். எதையும் இரண்டு தரம் பார்க்காமல் நம்பமாட்டாள். அதனால் கூட்டத்தோடு கூட்டமாகப் போகாமல், தங்களுக்கு மட்டும் தனியாக ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்தாள். ஆள் குறைவாக இருந்தால் கண் வைத்துக்கொள்ளலாம். தன் கணவரையும் இழுத்துக்கொண்டாள். அவர் மருந்துக்கடைக்காரர். பகல் முழுவதும் கடையில் நின்று நின்று முழங்கால் தேய்ந்தவர்.

"உன் தங்கச்சிக்குத் துணை நீ. உனக்குத் துணை நான். எனக்குத் துணை யாரு, என் முட்டியா?" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

மாலைப் பிரார்த்தனை இல்லாத நாள். உள்ளே ஆளில்லாத வரிசைகளில் நாற்காலிகள் கிடந்தன. தலை நரைத்த, கணீரென்று பேசும் ஒரு பெண்மணி டார்ச்சோடு காத்திருந்தார். அவர்தான் வழிகாட்டி. தூண்களைக் காட்டினார். தரையில் பதித்த கல்லறைப் பலகைகளைக் காட்டினார். காலம் காலமாக ஜனங்கள் மிதித்து, பலகைகளில் செதுக்கிய முகங்களில் மூக்கும் கண்ணும் போய், வழித்த மாவு மாதிரி இருந்தன. தங்கை மட்டும் அவற்றை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

அவள் நடப்பது யாருக்கும் கேட்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பின்னால் வந்து நின்று அம்மாவைத் திடுக்கிட வைப்பாள், பாத்திரம் கீழே விழும், திட்டு அக்காவுக்கு விழும். வீட்டில் அவளுக்குப் பூனை என்றே பெயர். இப்போது உடம்பும் பாதியாகிவிட்டதால், இருக்கிறாளா இல்லையா என்று அக்கா அடிக்கொருதரம் திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது.

மூலையில் ஒரு குட்டைக் கதவு. அதற்குள் சுழல் படிக்கட்டு, ஒற்றை ஆள் அகலத்துக்கு. தோள் இரண்டும் சுவரில் உரசும். முன்னால் போகிறவரின் குதிகால் தெரியும். அடுத்த திருப்பத்தில் அதுவும் தெரியாது.

"நடுவுல ஒருத்தரை ஒருத்தர் தாண்ட முடியாது. நான் முன்னாடி போறேன்" என்றார் வழிகாட்டி. "சன்னல் வர்ற இடத்துலல்லாம் 'கடைசி ஆள்?'னு கேப்பேன். யார் கடைசியா வர்றாங்களோ அவங்க 'இருக்கேன்'னு சொல்லணும். அவங்க இருந்தா எல்லாரும் இருக்கீங்கன்னு அர்த்தம். எனக்கு முன்னாடி இருந்தவங்க வெச்ச பழக்கம்."

"கடைசி ஆள் நான்தாம்மா. எங்க வீட்டுல எதுக்கும் கடைசி ஆள் நான்தான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

தங்கையைத் தனக்கு முன்னால் விட்டுக்கொண்டு அக்கா ஏறினாள். சன்னல் என்பது வெறும் பிளவு. சுவர் அங்கே உள்வாங்கி, ஓர் ஆள் ஒடுங்கி நிற்கும் அளவுக்குப் பள்ளமாக இருக்கும். வெளிச்சம் கோடாக விழும்.

"கடைசி ஆள்?"

"இருக்கேன், மூச்சுதான் இல்ல!"

அடுத்த சன்னலில், "இருக்கேன், முட்டி கீழயே நின்னுடுச்சு!"

தங்கையின் முதுகு லேசாகக் குலுங்கியது. சிரித்தாளோ என்னவோ. அக்கா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு ஏறினாள்.

பாதி வழியில் உட்கூரைக்கு மேலே ஓர் இருட்டு மாடம் வந்தது. கீழேயிருந்து பார்க்கும்போது அத்தனை அழகாகக் குவிந்திருந்த கூரை, மேலேயிருந்து பார்த்தால் கவிழ்த்துப்போட்ட பானைகளின் முதுகுபோல் கரடுமுரடாக இருந்தது. அதன்மேல் போட்ட பலகைப் பாலத்தில் நடந்து, இன்னும் கொஞ்சம் படியேறி, இரும்புப் பட்டை அடித்த கனமான கதவைத் திறந்தார் வழிகாட்டி. காற்று முகத்தில் அறைந்தது. கதவு சாத்திக்கொள்ளாதபடி ஒரு மரக்கட்டையைக் கீழே செருகினார்.

"இந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. சாத்தினா உள்ளேருந்துதான் திறக்க முடியும். இறங்கறப்ப கடைசி ஆள் கட்டையை எடுத்துட்டு இழுத்துச் சாத்திடுங்க. மழைத்தண்ணி படியில இறங்கிடும்."

கூரை முழுக்க ஈயத்தகடு. சுவரைத் தாங்கிப் பிடித்த கல் வளைவுகள், வாய் பிளந்து மழைநீர் துப்பும் கல் மிருகங்கள், இடுப்புயரக் கைப்பிடிச் சுவர். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. கீழே பேருந்துகள் தீப்பெட்டிகளாக ஊர்ந்தன.

தங்கை நேராகக் கைப்பிடிச் சுவரண்டை போய் நின்றாள். அக்கா அவள் சால்வை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"என்னை என்ன கன்னுக்குட்டின்னு நெனச்சியா?" என்றாள் தங்கை, கீழே பார்த்தபடியே.

"காத்து அடிக்குதுடி."

"இவ்வளவு உயரம்னு தெரிஞ்சிருந்தா அவர் கேட்டே இருக்கமாட்டார். நாற்காலிமேல ஏறி பல்பு மாத்தவே என்னைப் பிடிச்சுக்கச் சொல்லுவார்."

அக்கா சால்வையை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தூறல் என்று தொடங்குவதற்குள் சடசடவென்று கொட்டியது. "இறங்குங்க, இறங்குங்க, தகடு வழுக்கும்!" என்று வழிகாட்டி முதலில் படியில் நுழைந்தார். யாராவது சறுக்கினால் தாங்கிக்கொள்ள இறங்கும்போதும் அவர்தான் முன்னால். அடுத்து மருந்துக்கடைக்காரர். அக்கா வாசலில் நின்று, "நீ முன்னாடி போ" என்றாள்.

"நீ போ. மாமா முட்டி தடுக்கினா நீதான் பிடிக்கணும். நான் கட்டையை எடுத்துட்டு வர்றேன்." நான்கைந்து எட்டுத் தள்ளி, அக்கா கையிலிருந்து உருவிய சால்வையால் மழையில் தலையை மூடிக்கொண்டு தங்கை வந்துகொண்டிருந்தாள். கதவைப் பார்த்து, படியைப் பார்த்து, நேராக வந்துகொண்டிருந்தாள். அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அக்கா திரும்பினாள். முதல் வளைவைத் தாண்டும்போது மேலே கதவு கனமாகச் சாத்திக்கொண்டது. இருட்டு வந்தது. அப்பாடா என்றிருந்தது.

"கடைசி ஆள்?" என்று கீழேயிருந்து குரல்.

"இருக்கேன்" என்றது அக்காவுக்குப் பின்னால்.

கொஞ்சம் கரகரப்பான குரல். பூனை இரைந்து பேசியே எத்தனை காலம் ஆயிற்று! அழுது அழுது தொண்டை இப்படிக் கட்டிப்போய்விட்டதா என்று அக்காவுக்குப் பாவமாக இருந்தது. பின்னால் காலடிகள் ஒவ்வொரு படியாக, அழுத்தமாக, ஈரமாக வந்தன. அக்கா நின்றால் அவையும் நின்றன.

"கடைசி ஆள்?"

"இருக்கேன்."

"பாத்தீங்களா, மூணு பேருல அவதான் ஒழுங்கா பதில் சொல்றா" என்றார் மருந்துக்கடைக்காரர். அக்காவுக்கு மனம் லேசாகியது. மேலே ஏதோ இறக்கி வைத்துவிட்டாள்போல. நடையில்கூடத் தெம்பு வந்திருக்கிறது, தொம் தொம் என்று இறங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

நினைத்தபின் இன்னும் இரண்டு வளைவுகள் இறங்கியிருப்பாள். குட்டைக் கதவின் வெளிச்சம் தெரிந்தது. வழிகாட்டி வெளியே போனார், கணவர் முனகிக்கொண்டே போனார், அக்கா போனாள். அப்போதுதான் அவள் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன.

பூனைக்குக் காலடிச் சத்தம் ஏது?

திரும்பிப் பார்த்தாள். வாசல் காலியாக இருந்தது.

"பூனை!"

"இருக்கேன்" என்றது, கடைசி வளைவுக்கு அப்பாலிருந்து. ஆனால் யாரும் வரவில்லை.

வழிகாட்டியின் டார்ச் வெளிச்சம் படிமேல் விழுந்தது. "அது உங்க தங்கச்சி குரல்தானே?" என்று கேட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "இத்தனை வருஷமா கடைசி ஆள் இருக்காங்களான்னுதான் கேட்டிருக்கேன். யாருன்னு கேட்டதில்ல."

அக்கா அதற்குள் படியேறத் தொடங்கிவிட்டாள். மேலே கதவு சாத்தியிருக்கிறது. வெளிப்பக்கம் கைப்பிடி இல்லை. பூனை அந்தப் பக்கம் மழையில் தனியாக, அந்த இடுப்புயரச் சுவரோடு இருக்கிறாள். வேறெதுவும் அவள் தலைக்குள் நுழையவில்லை.

"ஏய், நில்லு, நானும் வர்றேன்!" என்று கணவர் கத்தினார். "நீங்க வராதீங்க, தாண்ட முடியாது!" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

தாண்ட முடியாது. அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் பொருள் அவளுக்கு உறைத்தது. அது எதுவாக இருந்தாலும் இந்தப் படியில்தான் இருக்கிறது, அவளுக்கும் பூனைக்கும் நடுவில்.

அவள் ஏறினாள். மேலே காலடிகளும் ஏறின. அவள் வேகம் கூட்டினாள், அவையும் கூட்டின. தொம், தொம், தொம். துரத்துகிறோமா, அது வழிகாட்டிக்கொண்டு போகிறதா? பானை முதுகுகளின் இருட்டில் பலகைப் பாலம் அவளுக்கு முன்னால் யாரோ நடப்பதுபோல் அதிர்ந்தது. அடுத்த படிக்கட்டு ஏறினால் கதவுதான். கதவைத் திறக்கப்போவது அக்கா அல்ல, அதுதான். திறந்தால் அங்கே நிற்பது பூனை.

அந்தப் படியில் பாதி ஏறி அக்கா நின்றாள். காலடிகளும் நின்றன. ஏறினால் அதைத் தங்கையிடம் கொண்டுபோய் விடுவதாகும். ஏறாவிட்டால் தங்கையை அந்தச் சுவரிடம் விட்டுவிடுவதாகும். ஆய்வகத்தில் பத்து முறை பார்த்தும் பிடிபடாத இரத்த மாதிரியைக்கூட அவள் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பாள். இங்கே ஒதுங்க என்ன இருக்கிறது?

சன்னல் பள்ளம் இருந்தது.

அதற்குள் போய் முகத்தைக் கல்லோடு கல்லாக வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "வழி விட்டிருக்கேன்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நீ இறங்கிப் போயிடு. எனக்கு என் தங்கச்சி வேணும்."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு படி. இன்னொரு படி. அவசரமில்லாமல் வந்தது. மிக அருகில் வந்து நின்றது. ஈரத்துணி ஒன்று அவள் புறங்கையில் பட்டது, கிணற்றடியில் வெகுநாள் கிடந்த துணிபோல. மூச்சுவிடும் ஓசை கேட்கும் என்று காத்திருந்தாள். அது கேட்கவே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பிறகு காலடிகள் அவளைக் கடந்து கீழே இறங்கின.

கீழே கணவர் இருக்கிறாரே என்ற நினைப்பு அப்போது வரவில்லை. பின்னால் வந்தபோது வெட்கமாகத்தான் இருந்தது.

ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்து, தோளால் கதவைத் தள்ளினாள். கதவோடு தங்கையும் பின்னால் தள்ளாடினாள். தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்ட, உள்ளங்கை இரண்டும் சிவந்து, கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். கைப்பிடிச் சுவர் அவளுக்கு வெகு பின்னால் இருந்தது.

"எங்கடி போன?" என்று கத்தினாள் தங்கை. அக்காவை அவள் 'டி' போட்டதே கிடையாது. "தட்டித் தட்டிக் கையே போச்சு! செவிடா எல்லாரும்? ஆளை வெளியில வெச்சுச் சாத்திட்டுப் போறதுதான் ஒனக்குப் பழக்கமா?"

"நீ சாத்திட்டு வந்தேன்னு..."

"நான் எங்க சாத்தினேன்? நான் கட்டைக்கிட்ட வர்றதுக்குள்ள அந்த வழிகாட்டியம்மா எனக்கு முன்னாடி பூந்து சாத்திக்கிட்டாங்க. தலையில துணி போட்டுக்கிட்டு. நானும் கத்தறேன், திரும்பிக்கூடப் பாக்கல!"

அக்கா திரும்பினாள். படிவாசலில் குனிந்து, "ஏங்க! கீழ யாராவது வந்தாங்களா?" என்று குரல் கொடுத்தாள்.

குரல் சுற்றிச் சுற்றி இறங்கியது. பதில் சுற்றிச் சுற்றி ஏறி வந்தது. "யாரும் வரலையே! நாங்க ரெண்டு பேரும் வாசல்லதான் நிக்கறோம். பூனை கெடச்சாளா?"

"கெடச்சுட்டா!"

தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். இருட்டான படியைப் பார்த்தாள். வழிகாட்டி கீழே நிற்கிறார் என்பது மெல்ல அவளுக்குள் இறங்குவதை அக்கா கண்டாள்.

"அக்கா. எனக்குப் பயமா இருக்கு."

சாலையைக் கடக்கையில் லாரி மேலே பாய்ந்து வந்தபோதும் பயப்படாதவள். மாத்திரைப் புட்டிகளை ஒளித்துவைக்கும்படி அக்காவைச் செய்தவள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், அந்த நேரத்தில், அந்த இடத்தில், அக்காவுக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கும்தான்டி. வா."

கட்டையைக் கதவுக்கடியில் காலால் உதைத்துச் செருகினாள். தண்ணீர் இறங்கினால் இறங்கட்டும், வெளிச்சம் வரட்டும். ஒற்றை ஆளுக்கென்று கட்டிய படியில் தங்கையை முன்னால் நிறுத்தி, பின்னாலிருந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். தங்கையின் ஈர முதுகு அவள் மார்போடு ஒட்டியது. உள்ளே இதயம் அடித்துக்கொள்வது தெரிந்தது. முழங்கை கல்லில் தேய, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, "மெதுவாடி", "நீ தள்ளாதக்கா" என்று சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார்கள், நடுவில் ஒரு நூல் நுழையவும் இடமில்லாமல்.