பதினோராம் கட்டம்

துப்பாக்கி உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தில் அவளுக்குக் கட்டம் அக்கா என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பத்தில் இருபத்திரண்டு கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் வேலை முடியும், எதை எழுதினால் ஆறு மாதம் செருப்புத் தேய அலைய வேண்டும் என்று கவுன்ட்டருக்கு உள்ளே இருந்தபடியே சொல்லிவிடுவாள். "அண்ணே, ஏழாவதுல அப்பா பேரு, வீட்டுப் பேரு இல்ல", "ஐயா, ஒன்பதுல நாயைச் சுடன்னு எழுதாதீங்க, பயிர்ப் பாதுகாப்புன்னு எழுதுங்க." அந்த அலுவலகத்தில் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் ஒரே ஜீவன் அவள்தான். நல்ல மனுஷி என்று ஊரே சொன்னது. நாலு வருஷமாக நெஞ்சுக்குள் ஒருத்தனை வைத்துப் பொசுக்கிக்கொண்டிருக்கிற மனுஷி என்று யாருக்குத் தெரியும்?

அந்த ஒருத்தன் குவாரி முதலாளி. கவுன்ட்டரில் வாயால் எல்லோரையும் "அண்ணே", "ஐயா", "சார்" என்பாள். மனசுக்குள் அவனை "அவன்" என்றுதான் சொல்வாள், நாமும் அப்படியே சொல்வோம். அவனுக்கு அதற்கு மேல் மரியாதை தேவையில்லை.

அவளுடைய தம்பி மின்வாரியத்தில் லைன்மேன். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் போன் பண்ணிச் சிரித்தான். "அக்கா, இன்னைக்கு ஒரு பெரிய மீனோட கனெக்‌ஷனைப் புடுங்கப் போறேன். மீட்டருக்கு முன்னாடியே கொக்கி போட்டு குவாரி பூரா ஓட்டிட்டு இருக்கான்."

"பாத்துடா. தனியாப் போகாதே."

"கூட ஏணி வருது" என்றான் குறும்புக்காரன்.

தம்பி ஏணியில் நின்றிருந்தபோது குண்டு பாய்ந்தது. குவாரி முதலாளி பத்தடி தள்ளி வராந்தாவில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தானாம். கை நழுவிக் கீழே விழுந்ததாம். விழுந்த வேகத்தில் தானாக வெடித்ததாம். கீழே விழுந்து வெடித்த துப்பாக்கி, ஏணியின் ஏழாவது படியில் நின்றவன் முதுகை எப்படித் தேடிப்பிடித்தது என்று நீதிமன்றத்தில் கேட்க ஆள் இல்லாமல் போனது. அவன் தரப்பில் ஒரு நிபுணர் வந்தார். துப்பாக்கியின் விசைப்பூட்டைத் திறந்து பார்த்தேன், சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் பல் தேய்ந்து போயிருக்கிறது, லேசாகத் தட்டினாலே வெடித்துவிடும் என்று சாட்சி சொன்னார். அவ்வளவுதான். கொலை என்பது கவனக்குறைவாகிவிட்டது. அவன் அபராதம் கட்டினான். உரிமம் உள்ள துப்பாக்கி, குறை இயந்திரத்தினுடையது என்று சொல்லித் துப்பாக்கியையும் அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். பழுது பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதை அவளைத் தவிர யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

பதினாலு வாய்தாவுக்கும் அவள் போனாள். ஒரு தடவைகூட அவன் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. செத்தவனுக்கு ஒரு குடும்பம் இருக்கும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாக எரித்தது.

மேல்முறையீடு போட்டாள். அரசு வக்கீல் அம்மாள் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துக் கையை விரித்துவிட்டார். "புதுசா ஏதாவது வேணும்மா. அதுவும் அவர் கைப்பட இருந்தா நல்லது. இல்லைன்னா இது இப்படியே தூங்கும்."

வீட்டுக்கு வந்து யோசித்தாள். நில அளவைப் பிரிவிலிருந்த தன் நாற்காலியை விட்டு, யாருமே விரும்பாத துப்பாக்கிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டாள். பெரிய பதிவேட்டில் அவனுடைய உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்துக்கொண்டாள். பிறகு காத்திருந்தாள். அவன் கோப்பைத் தொலைத்துவிடலாம், படத்தைக் கிழித்துவிடலாம் என்று முதல் வருஷம் கை துறுதுறுத்தது. அதெல்லாம் கொசு கடித்த இடத்தைச் சொறிவது மாதிரி, சுகமாக இருக்கும், ஒன்றும் ஆகாது என்று தன்னையே அதட்டி அடக்கிக்கொண்டாள்.

அந்தத் தேதியும் வந்தது.

காலை பதினோரு மணிக்குத் தோல் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தான். வாசனைத் திரவியம் அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வரிசையில் அவனுக்கு முன்னால் ஒரு வங்கிக் காவலாளி, கம்பி சுற்றிய பழைய துப்பாக்கியோடு நின்றிருந்தார். கட்டம் அக்கா அவருடைய விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, பதினோராம் கட்டம் காலியா இருக்கே. கடைசியாப் புதுப்பிச்சதுக்கு அப்புறம் பழுது பாத்தீங்களா, பாகம் ஏதாச்சும் மாத்தினீங்களான்னு கேக்குது. கட்டை உடைஞ்சு கம்பி சுத்தியிருக்கீங்களே, அதை எழுதுங்க. பில்லு இருக்கா?"

"இருக்கும்மா. நான் 'இல்லை'ன்னு எழுதிடலாம்னு பாத்தேன். எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க?"

"எழுதுவாங்க. உள்ள டெஸ்ட்ல மாட்டினா உங்க வேலை போயிடும். உண்மையை எழுதுங்க."

பின்னாலிருந்து குவாரி முதலாளி கடகடவென்று சிரித்தான். "என்னய்யா இது, துப்பாக்கியா, துணி காயப்போடுற கம்பா? வச்சிருந்தா எங்கிட்ட இருக்கிற மாதிரி வச்சிருக்கணும். எங்க அப்பா வாங்கினது. இத்தனை வருஷத்துல ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட்டதில்ல."

கட்டம் அக்காவின் பேனா ஒரு நொடி நின்றது. அடப்பாவி, மறந்தேவிட்டான்! பல் தேய்ந்தது என்ற பொய், வக்கீல் எழுதிக் கொடுத்தது, நிபுணர் ஒப்பித்தது. இவன் அதற்குச் செலவு செய்ததோடு சரி. மூன்று வருஷத்தில் அது மண்டையிலிருந்து கழன்றே போய்விட்டது. அவளுக்கோ தீர்ப்பின் ஒவ்வொரு வரியும் மனப்பாடம்.

காவலாளி போனதும் அவன் விண்ணப்பத்தை நீட்டினான். எல்லாக் கட்டமும் அவனுடைய குமாஸ்தா தட்டச்சு செய்தவை. பதினோராவது மட்டும் காலி.

"இதை நீங்கதான் சார் கைப்பட எழுதணும்" என்றாள். "பழுது எதுவும் பாத்தீங்களா?"

"இப்பத்தானே சொன்னேன். காதுல விழலையா?"

"விழுந்துச்சு சார். எழுதிடுங்க."

ஊர் உலகத்துக்கெல்லாம் வலிய வந்து புத்தி சொல்கிறவள், அன்றைக்கு வாயை இறுக மூடிக்கொண்டாள். அவன் தங்க மூடிப் பேனாவைத் திறந்தான். "பழுது எதுவும் பார்க்கப்படவில்லை. எந்தக் குறையும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை" என்று பந்தாவாக எழுதி, கீழே மலையும் மடுவுமாக ஒரு கையெழுத்துப் போட்டான். கேட்டது ஒரு வரி. அவன் திமிர் இரண்டாவது வரியைத் தானாகவே கொடுத்தது. மை காய்வதற்குள் அவள் தேதி முத்திரையை எடுத்துக் கையெழுத்தின் மேலேயே ஒரு குத்துக் குத்தினாள். மேசை அதிர்ந்தது.

அதற்குள் சூப்பிரண்டு தன் அறையிலிருந்து ஓடி வந்தார். ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதே அவர் கொள்கை. "வாங்க சார், வாங்க. ஏம்மா, சாரை நிக்க வச்சிருக்க? கொடு, கையெழுத்துப் போட்டுடறேன். டெஸ்ட்டெல்லாம் எதுக்கு?"

அவள் விண்ணப்பத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். இந்தக் கையெழுத்து விழுந்தால் உரிமம் இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீளும். துப்பாக்கி இந்த வாசலைத் தாண்டினால் அவன் யாரிடமாவது கொடுத்து உள்ளே இருக்கிற பல்லை ராவி வாங்கிவிடுவான். அப்புறம் அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

"போட்டுடலாம் சார்" என்றாள் பணிவாக, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "வழக்குல இருந்து திரும்பி வந்த துப்பாக்கி, டெஸ்ட் இல்லாமக் கொடுத்தா கொடுத்தவர்தான் பொறுப்புன்னு சுற்றறிக்கை இருக்கு. உங்க பென்ஷன் ஆச்சேன்னு சொன்னேன்."

பென்ஷன் என்றதும் சூப்பிரண்டின் கை பேனாவிலிருந்து பின்வாங்கியது. "அஞ்சு நிமிஷம்தான் சார். சும்மா ஒரு சம்பிரதாயம்" என்று அவனிடம் குழைந்தார்.

"தாராளமாப் பாருங்க. நல்லாவே பாருங்க" என்றான் அவன், காலை ஆட்டிக்கொண்டு.

பின்னறையில் துப்பாக்கி மெக்கானிக் இருந்தார். எதைக் கேட்டாலும் ஸ்பிரிங்கில் ஆரம்பித்து ஸ்பிரிங்கில் முடிப்பவர் என்பதால் அவர் பெயரே ஸ்பிரிங். துப்பாக்கியை வாங்கி இரண்டு குழலையும் பார்த்தார். மருந்தில்லாத வெற்றுத் தோட்டாக்களைப் போட்டுச் சுத்தியலை ஏற்றினார். ரப்பர் பாயில் கட்டையை ஓங்கிக் குத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு பக்கவாட்டில் போட்டார். மரச் சுத்தியலால் தட்டினார். பன்னிரண்டு தடவை. துப்பாக்கியின் சுத்தியல் விழவே இல்லை.

"அம்மாடி, எப்பேர்ப்பட்ட ஸ்பிரிங்!" என்று சப்புக்கொட்டினார். "இதை மாடியில இருந்து போட்டாலும் வெடிக்காது."

"பூட்டைத் திறந்து பழுது பாத்திருப்பாங்களோ அண்ணே?"

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தார். "வாய்ப்பே இல்ல. இந்த ஸ்க்ரூத் தலையப் பாரும்மா. கம்பெனியில முறுக்கின முறுக்கு அப்படியே நிக்குது, மேல பூசின பூச்சுகூடக் கலையல. ஒரு தடவை ஸ்க்ரூடிரைவர் வச்சிருந்தாக்கூட ஓரத்துல கீறல் விழுந்திருக்கும். இந்தப் பூட்டை எவனும் திறந்ததே கிடையாது."

"அதை அப்படியே ரிப்போர்ட்ல எழுதுங்க அண்ணே."

"எழுதறேன். விசை மட்டும் பாத்துடுவோம்." விசையில் தராசுக் கொக்கியை மாட்டி மெல்ல இழுத்தார். முள் ஏறியது. "மூணு கிலோ. மூணு கிலோ இழுத்தாத்தான் விழும்."

"நான் ஒரு தடவை இழுத்துப் பாக்கட்டுமா?"

அவர் அவளை வினோதமாகப் பார்த்தார், ஆனாலும் சுத்தியலை மறுபடி ஏற்றிக் கொடுத்தார். முனையை மணல் பெட்டிக்குள் வைத்து, கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் காலாட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. விரலை மடக்கினாள். விழவில்லை. இன்னும் இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டுமென்றே, மனசு வைத்து, கடைசிவரை இழுத்த பிறகுதான் டக்கென்று விழுந்தது.

பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் தம்பியைத் தராசில் போட்டு மூணு கிலோ என்று சொன்னதும், பன்னிரண்டு வயதுக் கைகளில் அவனை வாங்கிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். தவறிப்போய் யாரும் அவ்வளவு கனத்தை இழுத்துவிட முடியாது. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டோடு வெளியே வந்தாள்.

"என்ன, ஜம்முனு இருக்கா?" என்றான் அவன்.

"ஜம்முனு இருக்கு சார். குறையே இல்ல." மேசை இழுப்பறையைத் திறந்து, மூன்று வருஷமாக அங்கேயே கிடந்த தீர்ப்பு நகலை எடுத்துச் சூப்பிரண்டின் முன்னால் வைத்தாள். சிவப்புப் பென்சிலால் கோடிட்ட பக்கம். "பூட்டைத் திறந்து பாத்தோம், பல் தேஞ்சிருக்குன்னு கோர்ட்ல சாட்சி சொல்லியிருக்காங்க சார். திறந்ததே இல்லைன்னு ரிப்போர்ட் சொல்லுது. குறை எந்தக் காலத்துலயும் இருந்ததில்லைன்னு சாரே கைப்பட எழுதியிருக்காரு."

காலாட்டல் நின்றது. அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் ஆசை தீரப் பார்த்தாள். இதற்காகத்தானே மூன்று வருஷம்!

"அந்தத் தாளைக் கொடு. தப்பா எழுதிட்டேன். பழுது பாத்தாச்சு, அப்படியே எழுதித் தரேன்."

"சீல் விழுந்துடுச்சு சார். பழுது பாத்திருந்தா பில்லு காட்டணும். ஸ்க்ரூ தொடாமப் பழுது பாத்த மகான் யாருன்னும் சொல்லணும்."

"ஏய், யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதா? யாரு நீ?"

"பதினாலு வாய்தாவுக்கு உங்களுக்கு மூணு பெஞ்சு பின்னாடி உக்காந்திருந்தேன். நீங்கதான் திரும்பவே இல்ல. ஏணியில நின்னவனோட அக்கா."

அவன் சூப்பிரண்டைப் பார்த்தான். சூப்பிரண்டு தீர்ப்பையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் எட்டு மாதத்தை நினைத்துக்கொண்டார். "துப்பாக்கி இங்கயே இருக்கட்டும்மா. முடக்கி சீல் வை. கோர்ட்டுக்கு நகல் அனுப்பு. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். அவர் வாழ்நாளில் அவ்வளவு வேகமாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

அவன் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தான். நடையில் பழைய மிடுக்கு இல்லை.

"சார், நில்லுங்க. ரசீது வாங்காமப் போகக் கூடாது."

அவன் நின்றான். நிற்க வேண்டியிருந்தது. அவள் அவசரப்படவில்லை. கார்பன் தாளை வைத்து, பேர், எண், தேதி என்று கட்டம் கட்டமாக நிரப்பினாள். கடைசிக் கட்டம், துப்பாக்கி முடக்கப்பட்டதற்கான காரணம். அதில் "துப்பாக்கியில் குறை எதுவும் இல்லை" என்று அழுத்தி எழுதி, கிழித்து அவன் கையில் கொடுத்தாள்.