முதல் கைத் தண்ணீர்

அமலோற்பவம் எம்.எல்.ஏ. ஆன நான்காம் வருஷம், கடலோரக் கிராமங்களில் இறால் பண்ணைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். விளைகிற வயலை வாங்கிக் குளமாக வெட்டினார்கள். கடல் தண்ணீர் கொண்டுவர வாய்க்காலும் வெட்டி மதகும் கட்டினார்கள். அக்கம்பக்கத்து நிலமெல்லாம் உப்பேறிப் போகுமென்று நடவுப் பெண்கள் அவள் வாசலில் வந்து நின்றார்கள். அவளும் அவர்களோடு குனிந்து நாற்று நட்டவள்தான். கூலிப் போராட்டத்தில் முன்னால் நின்றதைப் பார்த்துத்தான் கட்சி அவளைத் தேடி வந்து சீட்டுக் கொடுத்திருந்தது.

சட்டசபையில் கேள்வி கேட்டாள். பதிலுக்கு மாவட்டச் செயலாளர் செழியன் வந்தார். வாய்க்காலை அவளே திறந்துவைக்க வேண்டுமாம், மறுத்தால் அடுத்த தேர்தலில் சீட்டு இல்லையாம். சனங்கள் மனசு குளிரட்டும், ஆடியில் மடை திறப்பதுபோல் பூவும் தேங்காயுமாக ஊர் முறைப்படியே செய்துவிடலாம் என்ற யோசனையும் அவருடையதுதான்.

“ஊர் முறைப்படிதானேண்ணே?” என்று அவள் திரும்பக் கேட்டுக்கொண்டாள்.

விழாவன்று பந்தல் கொள்ளாத கூட்டம். மதகுக்கு அந்தப் பக்கம் கடல் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அமலோற்பவம் பூத் தூவினாள். மதகைத் திருகும் இரும்புப் பிடியைக் கையில் வாங்கிக்கொண்டாள். திருகவில்லை. செம்பில் அந்தத் தண்ணீரை மொண்டு வரச் சொல்லி, மைக்கைப் பிடித்தாள்.

“இது கடைமடை ஊரு, கடலு உப்பு ஏறுற எடம். மொதக் கைத் தண்ணிய வாயில ஊத்திப் பாத்துட்டுத்தான் வயலுக்கு விடுவோம். அதான் எங்க முறை. செயலாளரண்ணன் குடிக்கட்டும், நான் தொறக்கிறேன்.”

செம்பு செழியன் முகத்துக்கு நேரே நீண்டது. அவர் அசட்டுச் சிரிப்போடு ஒரு அடி பின்வாங்கினார்.

“குடிங்கண்ணே, எங்க வயலு குடிக்கப் போறதுதானே,” என்றாள் நடவுக்காரி ராசம்மாள். பந்தலே சிரித்தது.

செழியன் அமலோற்பவத்தின் காதோரம் குனிந்து, “சீட்டு போயிரும், பாத்துக்க,” என்றார்.

அமலோற்பவம் மைக்கை விடவில்லை. “சீட்டு போயிருமாம். போவட்டும். அத நீங்க குடுத்தீங்க, எடுத்துக்கங்க. ஓட்டு இவங்க போட்டது. இந்த மதக நான் தொறக்க மாட்டேன்.”

பிடியைக் கையோடு எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள்.

சொன்னபடியே சீட்டு போயிற்று, செழியனுக்கே. அவள் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்தாள். அவர் ஜீப்பில் ஓட்டுக் கேட்டுப் போன ஊரிலெல்லாம் பெண்கள் வாசலில் நின்றார்கள், ஆளுக்கொரு செம்புத் தண்ணீரோடு.