சொல்லாத பாதி

ஆண்டவர் என் கணவரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார். கம்பெனி வேலையை விடு என்றார், விட்டார். வீட்டின் முன்னறையைக் காலி செய்து ஜனங்களைக் கூப்பிடு என்றார். என் தையல் மெஷின் சமையலறைக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் நான் தலையில் அடித்துக்கொண்டுதான் சம்மதித்தேன். ஆனால் 'பேசாதே' என்று சொன்னாரே, அதில்தான் எனக்கும் ஆண்டவருக்கும் பெரிய சண்டை வந்தது. ஒரு பாஸ்டரைப் போய்ப் பேசாதே என்றால் என்ன நியாயம்? அந்தச் சபையைக் கட்டுவதற்குள் எங்கள் பாதி ஆயுசு போயிருந்தது.

எனக்குக் கோபம் மூக்கு மேலே இருக்கும் என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். பாஸ்டரம்மா என்றால் பூனை மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் என்னைப் பார்த்து ஏமாந்துதான் போனார்கள். ஆனால் ஞாயிறு காலை அவர் எழுந்து பேச ஆரம்பித்தால் நானும் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன், அங்கே நின்றால் வேறு ஆள்.

முன்னறையில் இடம் போதாமல் ஒரு பழைய அட்டைப்பெட்டிக் கிடங்கை வாடகைக்குப் பிடித்தோம். மழை பெய்தால் ஒழுகும். இரும்பு ஷட்டரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அதைச் சபையாக்கியது எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்த ஒரு வெல்டர்தான். கூரைக்குச் சட்டம், பெஞ்சுகளுக்குக் கால், மேடைக்குப் பின்னால் நிற்கிற சிலுவை எல்லாம் அவர் கையால் ஆனவை. மனைவி இறந்த துக்கத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தவர். கூலி என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். ஒரே மகள். அவள் சபைக்கு வந்ததில்லை. ஆனால் ஞாயிறு மதியம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வருவாள் என்பதால், ஆராதனை முடிந்ததும் டீகூடக் குடிக்காமல் ஓடுவார். மகளின் மூத்த குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் அவர் பேசமாட்டார்.

கடைசி பெஞ்சைப் பற்றவைத்த சாயங்காலம், மேடைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் அவரும் என் கணவரும் வெகுநேரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். வெளியே வந்தபோது வெல்டரின் முகம் வீங்கியிருந்தது. என்ன விஷயம் என்று கேட்டேன். "அது அவரோடது" என்றார் என் கணவர். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லையே என்று எனக்குக் குறைதான். ஆனாலும் உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமை கொஞ்ச நாள்தான். ஒரு ஞாயிறு, கதவருகே நின்று தட்டுகிற ஆண்டவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்: "எனக்குத் தெரிஞ்ச ஒரு அப்பா இருக்கார்."

மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். இனி என் வாசலை மிதிக்காதே என்றார் அந்த அப்பா. ஒரு மழை நாளில், காய்ச்சலில் கொதிக்கிற கைக்குழந்தையோடு மகள் வந்து கதவைத் தட்டினாள். அப்பா உள்ளேதான் இருந்தார். தட்டுகிற சத்தமும் கேட்டது, குழந்தை அழுகிற சத்தமும் கேட்டது. திறக்கவில்லை. குழந்தை பிழைக்கவில்லை. பிறகு மகளிடம், 'அன்னைக்கு நான் வெளியூர் வேலைக்குப் போயிருந்தேன்மா' என்றார். அவளும் நம்பினாள்.

"ஆண்டவர் தட்டறப்ப நீங்களும் உள்ள இருந்துகிட்டே ஊர்ல இல்லன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார் என் கணவர்.

கிடங்கு முழுக்க விம்மல். பேர் சொல்லவில்லை, தொழில் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? ஒவ்வொரு தலையாக மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பியது. வெல்டர் எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்து வெளியே போனார்.

என் கணவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன நினைத்தார் தெரியுமா? "ஆவியானவர் அவரைத் தொட்டிருக்கார்னு நெனச்சேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். இப்படி ஒரு தப்புக் கணக்கை ஒரு பாஸ்டரால் மட்டும்தான் போட முடியும்.

சபையில் ஒரு நர்ஸ் உண்டு. வாராவாரம் பிரசங்கத்தை ஃபோனில் பதிவு செய்து, டியூட்டியால் வர முடியாதவர்களுக்கு அனுப்புவாள். அந்தப் பிரசங்கம் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. ஜனங்கள் வந்து குவிந்தார்கள். 'கதவு பாஸ்டர்' என்று பட்டப்பேர் வந்தது. நிற்க இடமில்லாமல் பக்கத்துச் சுவரை இடித்துப் பெரிதாக்கலாம் என்று சபைச் செயலாளர் திட்டம் போட்டார். நானும் புதுத் திரைச்சீலைக்குத் துணி பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

வெல்டர் திரும்பி வரவே இல்லை. கூப்பிட்டால் ஃபோனையும் எடுப்பதில்லை. கடைசியில் என் கணவர் அவருடைய பட்டறைக்கே போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அவர் பொண்ணு கேட்டுட்டாளாம்" என்றார். "யாரோ ஃபோன்ல அனுப்பியிருக்காங்க. மழை, காய்ச்சல், வெளியூர் வேலை. பேரு எதுக்கு அவளுக்கு? இப்ப அவர் வீட்டுப் பக்கமே வர்றதில்லையாம்."

மனைவிதானே, சமாதானம் சொன்னேன். "நீங்க வேணும்னா பண்ணீங்க? போய் மன்னிப்பு கேட்டுக்கலாம்."

"கேட்டேன். முகமூடியை இறக்கிட்டு வேலை பார்க்க ஆரம்பிச்சிட்டார்."

அடுத்த ஞாயிறு, நிரம்பி வழிந்த கூட்டத்தின் முன்னால் நின்று அவர் பேசினார். "எனக்குச் சொந்தமில்லாத ஒண்ணை எடுத்து உங்களுக்குக் குடுத்துட்டேன். அது யாரோடதோ அவர் வந்து பேசுன்னு சொல்ற வரைக்கும் நான் இங்க பேசப் போறதில்ல. ஆண்டவர் எங்கிட்ட அப்படித்தான் சொன்னார்." இவ்வளவுதான். போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

செயலாளர் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். "ஐயா, வர்ற ஜனங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"பாடலாம். வேதம் வாசிக்கலாம். ஜெபிக்கலாம்."

"அதுக்கு அவங்க வீட்லயே இருந்துக்கலாமே."

சொன்ன மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாக வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். பொறுத்துப் பார்த்த செயலாளரும் ஒரு நாள் பெரிய கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போய், வேறொரு மண்டபத்தில் வேறொரு பேச்சாளரை வைத்துச் சபை தொடங்கினார். நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பெஞ்சுகளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க ஆண்டவர் எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த வீட்ல நானும்தானே இருக்கேன்" என்றேன்.

"நீ அவரைப் பேச விட்டாத்தானே" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமைதோறும் அவர் பட்டறைக்குப் போவார். வாசலில் கிடக்கிற மரப்பெட்டியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வெல்டர் ஒரு கேட்டையோ ஜன்னல் கம்பியையோ பற்றவைத்துக்கொண்டிருப்பார், ஆறினதும் சுத்தியால் தட்டிக் கசடை உதிர்ப்பார். ஒரு வார்த்தை கிடையாது. சாயங்காலம் இவர் எழுந்து வருவார். வந்தால் கண் இரண்டும் சிவந்து, மணலை அள்ளிக் கொட்டின மாதிரி உறுத்தும். ஈரத்துணி வைத்து வைத்து எனக்கு அலுத்துப்போனது. அப்படி ஒரு சனிக்கிழமை, கண்ணில் துணியோடு படுத்துக்கொண்டே, "இன்னைக்குப் பேசினார்" என்றார்.

நான் பரபரத்து எழுந்து உட்கார்ந்தேன். "என்ன சொன்னார்?"

"நெருப்பைப் பார்க்காதீங்கன்னார்."

அதற்கே இவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்குத் துணியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு. நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், அவர் குடும்பம், வேறு போக்கிடமில்லாத சில வயசானவர்கள், நாங்கள். பாதி தூக்கியிருந்த ஷட்டருக்குள் குனிந்து ஒரு பெண், சின்னக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், ஆனால் பாடவில்லை. ஜெபம் முடிந்ததும் நேராக என் கணவரிடம் வந்தாள்.

"நீங்கதானே கதவு பாஸ்டர்? நான் அந்தப் பொண்ணு."

என் கணவர் எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தவரை அவள் விடவில்லை.

"அப்பா உள்ளதான் இருந்தார், கேட்டும் திறக்கலன்னு சொன்னீங்க. அதோட நிறுத்திட்டீங்க. மீதி என்ன? நான் அவ்ளோ தட்டறப்ப உள்ள என்ன பண்ணிட்டிருந்தார்? தெனமும் அதையேதான் யோசிக்கிறேன். தூக்கம் வரமாட்டேங்குது. மீதி ஏதாவது சொன்னாரா, இல்ல அவ்ளோதானா?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "மீதி இருக்கும்மா" என்றார்.

"சொல்லுங்க."

"அது என்னோடது இல்ல. அப்பாகிட்ட கேளுங்கம்மா. நானும் கூட வர்றேன்."

"அவர் முகத்தைப் பார்த்துக் கேக்க முடிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்?" என்றாள். "ஊர் உலகத்துக்கே சொன்னீங்க. எனக்கு மட்டும் சொல்ல மாட்டீங்களா?"

என் கணவர் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். "மன்னிச்சிடும்மா" என்றார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில் காத்திருந்த காரில் ஏறிவிட்டாள்.

திரும்பி வந்து, இருந்த அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். "வாய் இருக்க வேண்டிய நேரத்துல இல்ல, இருக்கக் கூடாத நேரத்துல இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பனும் பொண்ணும் சேர்ந்திருப்பாங்க."

"அன்னைக்கும் நல்லதுன்னு நெனச்சுதான் சொன்னேன்" என்றார்.

அப்போதே பட்டறைக்கு ஓடினார். பூட்டியிருந்தது. வெல்டர் நிஜமாகவே வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, விஷயம் கேட்டு, கையைக்கூடக் கழுவாமல் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வீடு காலியாக இருந்தது. மருமகனுக்கு வெளிநாட்டில் வேலையாம். சாமானெல்லாம் விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார்களாம். புது நம்பர் பக்கத்து வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பழைய நம்பர் அணைந்து கிடந்தது.

அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார் வெல்டர். அத்தனை மாதம் கழித்து முதல் தடவையாக என் கணவரின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இந்த ஒரு தடவை நீங்க சொல்லியிருக்கலாமே பாஸ்டர்."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபக்காரியான எனக்கே அன்றைக்கு அவரைத் திட்ட மனசு வரவில்லை.

அந்த ஞாயிறு வெல்டர் சபைக்கு வந்தார். யாரும் கூப்பிடாமல் முன்னால் போய் நின்றார். நர்ஸைப் பார்த்து, "அன்னைக்குப் பதிவு பண்ணின மாதிரியே இதையும் பண்ணும்மா. அது அவகிட்ட போய்ச் சேர்ந்துச்சுல்ல, இதுவும் சேரட்டும்" என்றார். அவள் ஃபோனை நீட்டிப் பிடித்தாள்.

வெல்டருக்கு வாய் வரவில்லை. என் கணவர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். அவருக்கு அந்த மீதி முழுக்கத் தெரியும், எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"நான் தூங்கலம்மா" என்றார் வெல்டர் கடைசியில். "நீ தட்டினதுமே எழுந்து வந்துட்டேன். தாழ்ப்பாள்ல கை வெச்சுட்டேன். அப்பகூட ரோஷம் விடல. இன்னும் ஒரே ஒரு தடவை தட்டட்டும், திறந்துடலாம்னு நின்னேன். நீ தட்டல. நீ தெருவுல எறங்கிப் போற சத்தம் கேட்டுச்சு. அப்பவும் கை தாழ்ப்பாள்லயேதான் இருந்துச்சு."

இதைத்தான் நான் சொல்லித் தொலையுங்கள் என்று கத்தினேன். இன்னும் ஒரு தடவை தட்டியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று ஒரு தாயின் காதில் போடச் சொன்னேன்.

தான் சொன்னது வெல்டருக்கும் அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போனது.

"அனுப்பட்டுமா அண்ணே?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்" என்றார். "அழிச்சிடும்மா. இது அவளுக்குத் தெரியக் கூடாது. என்னை வெறுத்துட்டே இருக்கட்டும்."

அவள் அழித்தாள். வெல்டர் என் கணவரின் பக்கம் திரும்பினார். "இது தெரிஞ்சுதான் அன்னைக்கு அவகிட்ட சொல்லாம இருந்தீங்களா?"

"இல்லண்ணே" என்றார் என் கணவர். அவர் அழுதுகொண்டிருந்தார். "எனக்கு எதுவும் தெரியாது. சொன்னா அவ மனசு ஆறும்னுதான் நானும் நெனச்சேன். ஆண்டவர் சொல்லாதேன்னார், சொல்லல."

வெல்டர் மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்து, "பேசுங்க பாஸ்டர்" என்றார்.

என் கணவர் வேதத்தைத் திறந்தார். அன்றைக்கு அவர் என்ன பேசினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் போய் வெல்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு, கடைசி வரைக்கும் சத்தமில்லாமல் அழுதார்.