என்னைக் கேட்காத சத்தியம்

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தலைமேல் சத்தியம் வாங்கிவிட்டார்கள். நான் அப்போது நூல் மில்லில் முதல் ஷிப்டில் நின்றுகொண்டிருந்தேன். வேலை முடிந்து மில் வண்டியில் வந்து இறங்கினால், என் மகன் முகேஷ்குமார் உள்ளங்கையில் சூடக் கரியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். என் வீட்டுக்காரர் நல்லுசாமி போர்வெல்லில் தண்ணீர் கண்டவர் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

“முடிஞ்சிருச்சு தீபா. எல்லைக் கருப்பு முன்னால சூடம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டான். இனிமே அந்தக் கருமத்தத் தொடமாட்டான்.”

“யார் தலைமேல?”

“ஒன் தலைமேலதான். பின்ன எந்தலைமேலயா? எம்மேல அவனுக்கு அம்புட்டுப் பாசமா இருக்கு?”

சிரிக்கிறார் மனுஷன்.

முகேஷ் திண்டுக்கல்லில் பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் சோதனை போட்டபோது அவன் பைக்குள் புகையிலைப் பொட்டலம் இருந்திருக்கிறது. உதட்டுக்கடியில் அதக்கிக்கொண்டால் வெளியே தெரியாத சின்னப் பொட்டலம். ஒரு வாரம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஏன் வைத்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவன் என்று முதல் செக்‌ஷனில் போட்டு, வாராவாரம் டெஸ்ட் வைத்து, மார்க்கை எல்லார் முன்னாலும் வாசிக்கிறார்கள். அதிலிருந்தே பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை. “பயமா இருக்குப்பா” என்று அவன் சொன்னபோது, “ஆம்பளப் பயலுக்கு என்னடா பயம்?” என்று இவர் தட்டிவிட்டுப் போனார். கூடப் படிக்கிறவன் ஒருத்தன் மட்டும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, படபடப்பு அடங்கும் என்று அந்தப் பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறான்.

சத்தியம் வாங்கும் யோசனை என் வீட்டுக்காரரின் அண்ணன் கருப்புசாமியுடையது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். எல்லைக் கருப்புக்குக் கெடா வெட்டும்போது முதல் ஆளாக நிற்பவர். எங்கள் பக்கம், எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை. வரப்புத் தகராறில் மீசை வைத்த ஆம்பளைகளே அதற்குப் பயந்து நிலத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொண்டுபோய், ஏற்கெனவே பயத்தில் செத்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் கையில் வைத்திருக்கிறார்கள். மீறினால் அம்மா தலை வெடித்துவிடும். நல்ல வைத்தியம்!

ஒரு வாரம் கழித்து முகேஷ் மறுபடி பள்ளிக்கூடம் போனான். அந்த வாரக் கடைசியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடு வேலைக்குப் போய் மில்லிலேயே மயங்கி விழுந்தேன். மெஷின் கம்பியில் இடித்துத் தலை உடைந்து, தையல் போட்டு, கட்டோடு கொண்டுவந்து வீட்டில் இறக்கினார்கள்.

கட்டைப் பார்த்ததும் முகேஷின் முகத்தில் ரத்தமே இல்லை. “காய்ச்சல்தான்டா” என்று சொன்னேன். அவன் காதில் விழவில்லை. சோறு தொடவில்லை. என் காலடியிலேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் மத்தியானம் நான் கண் விழித்தபோது அவனைக் காணோம்.

“எங்க போனான்?”

“அம்மாவ நல்லாப் பாத்துக்கங்கப்பான்னு சொல்லிட்டு வெளிய போனான்” என்றார் இவர், மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டே. எங்கே போகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தாராம்.

சத்தியம் பண்ணிய இடத்துக்குத்தான் போயிருப்பான் என்று பட்டது. தலைக்கட்டோடு கருப்பு கோயிலுக்கு ஓடினேன். இவரும் பின்னாலேயே வந்தார்.

கோயிலுக்குப் பக்கத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒன்று உண்டு. சாமி கும்பிட வருகிறவர்கள் செருப்பை வேப்பமரத்தடியில்தான் விடுவார்கள். முகேஷின் செருப்பு கிணற்றின் விளிம்பில் கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால், அவன் மேடைமேல் கருப்பின் அரிவாளுக்கடியில் நெற்றியை வைத்துக் கிடந்தான்.

“என்னை எடுத்துக்க சாமி. அம்மாவ விட்டுரு. நாந்தான தப்புப் பண்ணேன்.”

பெண்கள் அந்த மேடையில் ஏறக்கூடாது. ஏறினேன். அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

“மறுபடி வச்சியா அப்பு?”

“வச்சேம்மா. டெஸ்ட் அன்னிக்குக் கையெல்லாம் நடுங்குச்சு. ஒரே ஒரு தடவதான். அதுக்குள்ள ஒனக்குத் தலை ஒடஞ்சிருச்சு.”

“காய்ச்சல்ல விழுந்து ஒடஞ்சுச்சுடா. ஒன்னால இல்ல. அதை எங்க வாங்குன?”

“கூடப் படிக்கிறவன் வாங்கியாருவான்.” குரல் இறங்கியது. “பெரியப்பா கடையில.”

திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தெரியும் அவருக்கு. அண்ணன் கடையில் மிட்டாய் பாட்டிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான், அண்ணனை வைத்துப் பிள்ளையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

மேடையில் பெண் ஏறிவிட்டாள் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கருப்புசாமி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார்.

“ஏய், எறங்கு கீழ! பொம்பள ஏறுற எடமா அது?”

“எறங்குறேன் மாமா. ஒரு வேல பாக்கி இருக்கு.”

தட்டில் கிடந்த சூடக்கட்டி ஒன்றை எடுத்துக் கல்மேல் வைத்துக் கொளுத்தினேன். “இந்தத் தலை என்னுது. என்னைக் கேக்காம இதுமேல யாரு சத்தியம் வாங்குனாலும் செல்லாது. கருப்பு, ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.” ஓங்கி அடித்தேன். சூடம் அணைந்தது. உள்ளங்கை சுட்டது. சுடட்டும்.

இன்னொரு கட்டியை வைத்துக் கொளுத்தினேன்.

“இப்ப நீங்க வாங்க மாமா. பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கு இனிமே அதை விக்கமாட்டேன்னு சொல்லி அடிங்க. ஒங்க மகன் தலைமேல.”

“நான் விக்கலன்னா வேற எவனாவது விக்கத்தான போறான்?”

“அது வேற பேச்சு. அடிங்க.”

“எம்புள்ளய எதுக்கு இதுல இழுக்குற?”

“எம்புள்ளய எதுக்கு இழுத்தீங்க?”

படிக்கிற பிள்ளையின் கையைப் பிடித்து நெருப்பில் வைத்த மனுஷன், தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சூடம் எரிந்து முடிந்து தானாகவே அணைந்தது. முகேஷும் அதைப் பார்த்தான். அவன் பார்க்க வேண்டும் என்றுதான் கொளுத்தினேன்.

கீழே இறங்கினோம். திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார் என்று மில்லில் என்னோடு வேலை செய்யும் பாத்திமா முன்பே சொல்லியிருந்தாள். இப்போதே போகிறோம் என்றேன்.

“பைத்தியம்னு ஊருக்குள்ள பேசமாட்டாங்களா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“போய் அவன் செருப்ப எடுத்துட்டு வாங்க.”

போனார். செருப்பு எங்கே கிடக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிணற்றின் விளிம்பிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவரைத் தேற்ற எனக்கு மனசும் இல்லை, நேரமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, குனிந்து, மகன் காலில் செருப்பை மாட்டிவிட்டார். ஊரைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை. எங்களோடு பஸ் ஏறினார்.

முகேஷ் என் பக்கத்தில் உட்கார்ந்தான். குஜிலியம்பாறை தாண்டியதும் மெதுவாகக் கேட்டான்.

“டாக்டர்கிட்டப் போயும் மறுபடி வச்சிட்டேன்னா?”

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“வச்சா எங்கிட்ட வந்து சொல்லு. திட்டுவேன். ஆனா என் தலை வெடிக்காது.”

அவன் கையை நீட்டி என் தலைக்கட்டின்மேல் வைத்துப் பார்த்தான். பஸ் குலுங்கியபோதும் கையை எடுக்கவில்லை.