கண்ணில் அடித்த வெளிச்சம்

மீன்கூடையை இறக்கியதும் சாந்தி வழக்கமாகக் கேட்பது, "இன்னா வேணும் இன்னிக்கு?" என்பதைத்தான். அன்று அவள் கூடையின் மேல் கிடந்த ஈரச் சாக்கைக்கூட விலக்கவில்லை. வாசலில் நின்ற பழைய மாருதியின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த லைட்ட எப்போ மாத்தினீங்க?"

மலீஹா கையில் சட்டியோடு படியில் நின்றாள். "போன மாசம்க்கா. பழைய பல்பு மினுக்கு மினுக்குனு எரிஞ்சுது. ரோட்டுல மாடு படுத்துக்கினு இருந்தாகூட தெரியல. அதான் எல்இடி வாங்கி அவரே மாட்டினாரு."

"வெள்ளையா அடிக்குமே, அதுவா?"

"ஆமா. ஏன்க்கா?"

சாந்தி உட்கார்ந்து இறாலைக் கூறுகட்டி சட்டியில் போட்டாள். பிறகு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"வெள்ளிக்கிழம சாயங்காலம் எங்க வூட்டுக்காரரு பொன்னேரிக்கு பைக்ல போய்க்கினு இருந்தாரு. எதிர்ல வந்த காரு வெள்ளை வெளிச்சத்த மூஞ்சில அடிச்சுதாம். ரோடு எங்க இருக்குதுன்னே தெரியல, சரிஞ்சு தண்ணில வுழுந்துட்டேன்றாரு. காரு நிக்காம பூட்சாம்."

சாந்தியின் புருஷன் முத்துராஜ் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்த செய்தி பழவேற்காடு முழுக்கத் தெரிந்ததுதான். அவர்கள் குப்பமான தோணிரேவில் அவரை விட நன்றாக நண்டுவலை போடுகிறவர் இல்லை என்பார்கள். ஆனால் எப்படி விழுந்தார் என்பதை மலீஹா இப்போதுதான் கேள்விப்படுகிறாள்.

"படகு சவாரிக்கு வெளியூர்லேருந்து எவ்ளோ காரு வருது. அதெல்லாமே வெள்ளை லைட்டுதானேக்கா" என்றாள்.

"இருக்கும்" என்றாள் சாந்தி. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகும்போது காரை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வை மலீஹாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை அவள் புருஷன் இர்ஃபானும் அதே சாலையில்தான் வந்தான். அவளுடைய சின்னம்மா, கைருன் பீவி சாச்சியைப் பொன்னேரிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பினான். வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன்; அந்தச் சாலையில் அவனுக்குத் தெரியாத பள்ளம் கிடையாது. கார் தெருவுக்குள் நுழைந்தபோது அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "முத்துராஜ் அண்ணன் வுழுந்த நேரத்துலதானே நீங்களும் வந்தீங்க? எதாவது பாத்தீங்களா?"

"இல்ல."

கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. அவன் இறால் தோலை உரிப்பதிலேயே கவனமாக இருந்தான். "அந்த ரோட்டுல எத்தினியோ வண்டி போவுது. எல்லாத்தையும் பாத்துக்கினா வர முடியும்?"

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் ஒரு சவாரி வந்தது. இர்ஃபான் காரைக் கிளப்பி விளக்கைப் போட்டான். எதிர்ச் சுவரில் விழுந்தது பழைய மஞ்சள் வெளிச்சம். மலீஹா படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஏங்க, அந்த லைட்டு இன்னா ஆச்சு?"

"கழட்டிட்டேன். சூடாவுது. பின்னாடி இருக்கற ஃபேனு வேற சத்தம் போடுது."

மாட்டிய அன்று, பட்டப்பகல் மாதிரி இருக்கிறது என்று தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியவன் அவன். சூட்டைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ இதுவரை வாய் திறந்ததில்லை. கார் போன பிறகும் அவள் அந்தச் சுவரையே பார்த்தபடி நின்றாள். சாந்தி வந்து போன மறுநாளே ஏன் கழற்ற வேண்டும்?

காலையில் அவள் கைருன் பீவியின் வீட்டுக்குப் போனாள். சாச்சிக்குக் கண்புரை எடுத்த பிறகு எல்லாமே புதிதாகத் தெரிந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பறவையைக்கூட என்ன பறவை என்று சொல்லுவேன் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழம வர்றப்பகூட எல்லாம் நல்லா தெரிஞ்சுதா சாச்சி?"

"ஏன் தெரியாம? பஸ்ஸு போர்டயே படிச்சேன். அதுக்கப்புறம் ஒரு பைக்கு வந்துச்சு. நம்ம கிட்ட வர்றதுக்குள்ளயே ரோட்ட வுட்டுக் கீழ திரும்பிட்டான்."

"எந்த எடத்துல?"

"எறால் பண்ணை தாண்டி, ரெண்டு பக்கமும் தண்ணி நிக்குமே, அங்க."

"அங்க கீழ எறங்க ஏது சாச்சி வழி?"

கைருன் பீவி மெதுவாகச் சொன்னார்: "இல்லதான். ஆனா உன் வூட்டுக்காரனும் பாத்தானே. கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே வந்தான். இன்னாப்பானு கேட்டேன். ஒண்ணுமில்ல, வூட்டுக்கு நேரமாச்சுனு சொன்னான்."

வீட்டுக்கு வந்ததும் மலீஹா காருக்குள் தேடினாள். டிரைவர் சீட்டுக்கு அடியில், துடைக்கிற துணியில் சுற்றி, அந்த இரண்டு எல்இடி பல்புகளும் இருந்தன.

சாயங்காலம் இர்ஃபான் பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இத மறுபடி மாட்டுங்க."

"எதுக்கு?"

"மாட்டுங்க. சொல்றேன்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் பானெட்டைத் திறந்தான். ரப்பர் மூடியை இழுத்து, கம்பிக் கிளிப்பை விலக்கி, ஒவ்வொன்றாக மாட்டினான். மலீஹா தெருக்கோடிக்குப் போய் காரைப் பார்த்து நின்றாள்.

"போடுங்க!"

வெளிச்சம் அவள் முகத்தில் அறைந்தது. தெரு, வீடுகள், கார் எல்லாம் ஒரே நொடியில் இல்லாமல் போயின. தன் கால் எங்கே நிற்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். "டிம் பண்ணுங்க" என்று கத்தினாள்.

"டிம்முலதான் இருக்குது" என்றது வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து அவன் குரல்.

அவள் கண்ணை மறைத்துக்கொண்டே நடந்து வந்து கார்க் கதவைத் திறந்தாள். "இப்போ நீங்க போய் நில்லுங்க."

இர்ஃபான் போய் நின்றான். கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பாமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டான். மலீஹா விளக்கை அணைத்த பிறகும் அவன் அங்கேயேதான் நின்றான். அவள் பக்கத்தில் போனதும் சொன்னான்:

"அந்த பைக்கு லைட்டு ஆடிச்சு மலீஹா. அப்புறம் காணோம். திரும்பிட்டான்னு நெனச்சேன். இல்ல, அப்படித்தான் நெனைக்கணும்னு நெனச்சேன். காலையில டீக்கடையில சொன்னாங்க. அப்போகூட நம்ம வண்டியா இருக்காதுனுதான்…"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவன் போய் காரின் பானெட்டை மூடினான்.

அடுத்த நாள் இருவரும் தோணிரேவுக்குப் போனார்கள். முத்துராஜ் தன் வீட்டு வாசலில், கையைத் துணியால் கழுத்தோடு தொங்கக் கட்டிக்கொண்டு, பிரித்துப் போட்ட வலைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். இர்ஃபானைக் கண்டதும் அவர் முகம் இறுகியது.

"போலீஸ்ல எதுவும் எழுதிக் குடுக்கல பாய். அதுக்கா வந்தீங்க?"

"இல்லண்ணா. அந்தக் காரு என்னுதுதான்."

சாந்தி உள்ளிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வுழுந்தத நீ பாத்தியா?" என்று முத்துராஜ் கேட்டார்.

"லைட்டு சரியறது தெரிஞ்சுது. நிக்கல."

"நான் கத்தினேன். தண்ணி இடுப்பளவுதான், ஆனா எந்திரிக்க முடியல. பஸ்ல வந்தவங்கதான் தூக்கி வுட்டாங்க." அவர் இர்ஃபானையும் மலீஹாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்போ நீயா வந்தியா, இந்தம்மா இட்டாந்துச்சா?"

இர்ஃபான் தரையைப் பார்த்தான். "இவதான் இட்டாந்தா."

முத்துராஜ் மூச்சை இழுத்து விட்டார். "நானா வந்தேன்னு சொல்லியிருந்தீன்னா திரும்பிப் போடானு சொல்லியிருப்பேன். உக்காரு."

சாந்தி மட்டும் உட்காரச் சொல்லவில்லை.

எல்இடி பல்புகளைப் பொன்னேரியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினான் இர்ஃபான். அந்தப் பழைய விளக்குக் கூட்டுக்கு அவை ஒத்துவராது, போதாக்குறைக்குத் தலைகீழாக வேறு மாட்டியிருக்கிறாய், வெளிச்சம் ரோட்டில் விழாமல் ஆள் கண்ணுக்குத்தான் போகும் என்றார் அவர். பழைய மாதிரியே புதுப் பல்பு போட்டு, மங்கிப்போன கண்ணாடியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, உயரத்தையும் சரிபார்த்துக் கொடுத்தார். மாடு இப்போது ஓரளவு தெரிகிறது.

கை சேரும்வரை முத்துராஜை ஆஸ்பத்திரிக்கு இர்ஃபான்தான் கூட்டிப்போய் வந்தான். ஒவ்வொரு தடவையும் சாந்தி பின்சீட்டில் ஏறிக்கொள்வாள். ஒருநாள் திரும்பும் வழியில் இருட்டத் தொடங்கிவிட்டது. எதிரே ஒரு பெரிய கார் விளக்கைத் தாழ்த்தாமல் வந்தது. இர்ஃபான் ஓரம்கட்டி நிறுத்தி, அது கடக்கும்வரை காத்திருந்தான். முத்துராஜ் நல்ல கையால் டேஷ்போர்டை இறுகப் பிடித்திருந்தார்.

"பூட்சுண்ணா" என்றான் இர்ஃபான்.

"தெரியுது. கொஞ்ச நேரம் நில்லு" என்றார் முத்துராஜ். அவர் மூச்சு அடங்கும்வரை கார் அங்கேயே நின்றது.

மழைக்காலம் முடிவதற்குள் முத்துராஜ் ஏரியில் இறங்கிவிட்டார். சாந்தி பழையபடி கூடையோடு தெருவுக்கு வருகிறாள். மலீஹாவோடு நின்று சிரித்துப் பேசுகிறாள். இர்ஃபான் வாசலுக்கு வந்தால் மட்டும், கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு கூடையைத் தூக்கிக்கொள்கிறாள்.