நில்லு பிள்ளை

அன்னபாக்கியம் கண்ணை மூடிய பதினெட்டாம் நாள், சிற்றம்பலம் வாத்தியார் கல்வெட்டு எழுத வந்தார். ஸ்கந்தபுரத்தில் யார் செத்தாலும் அவர்தான் எழுதுவார். செத்தவரின் பிறப்பு, கலியாணம், செய்த நன்மை, விட்டுப்போன உறவுகளின் புலம்பல் எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டிக் கொடுப்பார். அதைச் சிறு புத்தகமாக அச்சடித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு நடக்கும் வீட்டில் வாசிப்பார்கள். சிவலட்சுமி பிறந்த தேயிலைத் தோட்டத்தில் இந்த வழக்கம் இல்லை. வந்த புதிதில் "கல்வெட்டு வாசிக்கினம், வா" என்று அன்னபாக்கியம் கூட்டிப்போன வீட்டில், அவள் கல் எங்கே என்று தேடியிருக்கிறாள்.

இப்போது அவள் முற்றத்தில் பாய் விரித்து விதைநெல்லைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். புரட்டாசி முடிகிறது. முதல் மழை விழுந்ததும் காலபோக விதைப்பு. இந்த வருடம் யார் விதைக்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் நெல் காயத்தானே வேண்டும்.

ஒன்பது வருடமாக அவள் இருந்த வீடு இது. இந்தப் பதினெட்டு நாளில் அவளைப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த நாகேஸ்வரி, அன்னபாக்கியத்தின் ஒரே மகள், அவளை "நீர்" என்றுதான் கூப்பிட்டாள். "நீர் சாப்பிட்டிட்டீரே?" "நீர் போய்ப் படுமன்." மரியாதையான சொல்தான். ஆனால் ஒன்பது வருடம் "நீ" என்று கேட்டுப் பழகிய காதுக்கு, அது படலைக்கு வெளியே நின்று பேசுவதுபோல இருந்தது. சிவலட்சுமி தன் சேலைகளைத் தகரப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டாள். ஜெயபுரத்தில் அப்பா மாயாண்டியும் தம்பியும் கொட்டில் போட்டிருக்கிறார்கள். போக இடம் இருந்தது. அவளுக்கு இருந்த பயம் வேறு. அன்னபாக்கியம் போனதோடு, தான் அந்த வீட்டில் இருந்ததும் இல்லை என்று ஆகிவிடுமோ என்கிற பயம்.

வாத்தியார் கதிரையில் சாய்ந்து கொப்பியைத் திறந்தார்.

"பிறந்தது சங்குவேலி. பதினேழு வயதிலை கலியாணம். காடு வெட்டிக் காணி குடுத்த காலத்திலை இஞ்சை வந்தவை. மூண்டாம் வருசம் கொப்பர் இளையதம்பி காய்ச்சலிலை மோசம் போயிட்டார். பிறகு சொல்லு பிள்ளை."

"பிறகு எனக்கு என்ன தெரியும் வாத்தியார்," என்றாள் நாகேஸ்வரி. "நான் மாமி வீட்டிலை நிண்டு படிச்சனான். அப்பா செத்த கையோடை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக மாமா வந்தவர். 'நெல்லு முத்திப் போச்சு, கதிர் அறுத்துச் சூடு அடிச்சுப்போட்டு வாறன்' எண்டவா. அடுத்த வருசமும் அதே கதை. அவா அடிச்சு முடியாத சூடு."

"அதைப் பாட்டிலை போடேலாது."

"ஏன், உண்மைதானே." நாகேஸ்வரி சிரிக்கவில்லை. "பிற்காலத்தை இவவைத்தான் கேக்கவேணும்."

சிவலட்சுமி நெல்லைக் காலால் கிளறியபடியே சொன்னாள். மேல்காணிக்காரன் வாய்க்காலை மறித்தபோது அம்மா சண்டைக்குப் போகவில்லை. வெற்றிலைப் பையோடு அவன் வீட்டுக்குப் போய், அவன் மனைவியிடம் ஊர்ப் புதினம் பேசிக்கொண்டு, அவன் மறிப்பை வெட்டிவிட மண்வெட்டியைத் தூக்கும்வரை எழும்பாமல் இருந்தா. எழுபத்தைந்தாவது வயதில் வரம்பில் விழுந்து கை முறிந்தபோது, இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டு, "இந்தக் கை இவ்வளவு காலமும் சும்மா இருந்து திண்டது" என்றா. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் தெற்கிலிருந்து ஓடிவந்த ஆறு குடும்பம் விறாந்தையிலும் மாட்டுக் கொட்டிலிலும் தங்கியது.

"ரெண்டாவது அடுப்பு மூட்ட விடேல்லை. ஒரே பானைதான். அடுப்பு ரெண்டெண்டால் வீடும் ரெண்டாப் போகுமெண்டு சொன்னவா."

வாத்தியாரின் பேனை ஓடியது. ஒரு பக்கம் நிறைந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். நெல்லும் நீரும் வந்தன, பானை வந்தது. அதன்பின் ராகத்தோடு, "ஏவல்புரி சிவலட்சுமி" என்று ஒரு அடி வந்தது.

நெல்லுக்குள் சிவலட்சுமியின் கால் நின்றது. ஏவல்புரி. சொன்ன வேலையைச் செய்தவள். அந்தச் சொல்லில் பொய் இல்லை, செய்தவள்தான். பொய்யாக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

"ஏவலோ?" என்றாள் நாகேஸ்வரி.

"வேறை என்னெண்டு போட? மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல். ஒரு உறவுமுறை இருந்தால்தான் புலம்பல் கட்டலாம்." வாத்தியார் சிவலட்சுமியின் பக்கம் திரும்பினார். "நீ அவவுக்கு என்ன முறை பிள்ளை?"

"அம்மான்னுதான் கூப்புட்டேன்."

மனம் கலங்கினால் அவளுக்குத் தோட்டத்துப் பேச்சு வந்துவிடும். தோட்டத்தில் பெற்றவளும் அம்மா, கங்காணியின் பெண்சாதியும் அம்மா. எந்த அம்மா என்று அன்னபாக்கியம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதல் இரண்டு வருடம் ஒரு பதிலும், பிறகு வேறு பதிலும் சொல்லியிருப்பாள்.

"இவ படலையிலை நிண்ட கதை உங்களுக்குத் தெரியுமே?" என்று நாகேஸ்வரி வாத்தியாரைக் கேட்டாள்.

"ஊருக்கே தெரியும். வாற போற ஆக்களுக்கெல்லாம் அன்னபாக்கியம் சொல்லிச் சிரிக்கிறவ."

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத்து லயக் குடியிருப்பு எரிந்தபின், லொறியில் வந்து கிளிநொச்சியில் இறங்கியவர்கள் சிவலட்சுமி வீட்டார். மாயாண்டி மகளைக் கூட்டிக்கொண்டு வேலை கேட்டு இந்தப் படலைக்கு வந்தார். அன்று வாய்க்காலில் அன்னபாக்கியத்தின் வயலுக்கு முறைத்தண்ணீர். அன்னபாக்கியம் மண்வெட்டியும் கையுமாக வெளியே வந்து, "நீ இஞ்சை நில்லு பிள்ளை" என்று சொல்லிவிட்டு வயலுக்கு நடந்தா. மாயாண்டி மகனைக் கூட்டிவர அகதிகள் இருந்த பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்.

இந்தப் பக்கத்தில் நில் என்றால் தங்கு என்று அர்த்தம். தோட்டத்தில் நில் என்றால் காலில் நிற்பதுதான். சிவலட்சுமி நின்றாள். வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, சாய்ந்தது. திரும்பி வந்த அன்னபாக்கியம், "ஏன் பிள்ளை நிக்கிறாய்?" என்று கேட்டா. "நீங்கதானே நிக்கச் சொன்னீங்க." அன்று அவா சிரிக்கவில்லை. மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு, உள்ளே போய்க் கதிரையைத் தூக்கிவந்து, படலையடியிலேயே போட்டு, "இரு" என்றா. சிரிப்பெல்லாம் பிறகுதான், ஒன்பது வருடத்துக்கு.

"அது முழுக் கதை இல்லை அக்கா," என்றாள் சிவலட்சுமி.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்னபாக்கியத்திடம்கூட.

"பக்கத்து வீட்டுப் பத்மாசனி அக்கா மத்தியானமே வந்து சொன்னவா. நில்லு எண்டால் தங்கச் சொன்னது, உள்ளை போய் இரு எண்டு. எனக்கு விளங்கிருச்சு. ஆனாப் போகல."

"ஏன்?"

"அசைஞ்சா அந்தச் சொல்லு இல்லாமப் போயிருமோன்னு இருந்துச்சு. வீடு எரிஞ்சு பத்து நாள் அக்கா. அவா திரும்பி வந்து இன்னொருக்காச் சொல்லணும், அப்பத்தான் நம்பலாம்னு நின்னேன்."

வாத்தியார் பேனையை மூடினார். நாகேஸ்வரி முற்றத்தைப் பார்த்தாள். சீராகப் பரப்பிய நெல், அதில் கால்விரல் போட்ட கோடுகள். கதவுக்கூடாக, உள்ளே மூலையில் பூட்டிய தகரப் பெட்டியும் தெரிந்தது.

"அப்ப இந்தப் பதினெட்டு நாளும் அப்பிடித்தான் நிண்டதோ?"

சிவலட்சுமி குனிந்து நெல்லைக் கையால் பரப்பினாள்.

"நானும் மாமி வீட்டுப் படலையிலை நிண்டிருக்கிறன்," என்றாள் நாகேஸ்வரி. "ஒவ்வொரு சூடு முடியவும். அவா வரேல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் கோவம் கிடக்கு. உன்னோடை இருந்தவா எண்டது அதைவிடக் கோவம். ஆனால் முந்தி வாற கடிதம் எல்லாத்திலையும் 'தனியக் கிடக்கிறன்' எண்டு ஒரு வரி இருக்கும். எழுபத்தேழுக்குப் பிறகு வந்த ஒரு கடிதத்திலையும் அந்த வரி இல்லை. நான் திருப்பித் திருப்பிப் பாத்தனான்."

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"அந்த வரியை நான் அழிச்சிருக்கவேணும். நீ அழிச்சாய். அதுக்கு நான் உனக்கு என்ன சொல்லிறதெண்டு தெரியாமல்தான் இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்."

'நீ' என்று வந்துவிட்டதை நாகேஸ்வரி கவனித்ததாகத் தெரியவில்லை. சிவலட்சுமி கவனித்தாள்.

"வாத்தியார், ஏவலை வெட்டுங்கோ. அம்மாவோடை நிண்டவள் எண்டு போடுங்கோ."

"பாட்டுக்கு 'உடன்நின்ற' எண்டு வரும்."

"எப்பிடி வந்தாலும் நிக்கவேணும்."

"உடன்நின்றவள் எண்டால், இப்ப எங்கை எண்டு சனம் கேக்குமே."

"விதைநெல்லுக் காயுறது சனத்துக்குத் தெரியேல்லையோ?" நாகேஸ்வரி எழுந்து முற்றத்துக்கு இறங்கி வந்தாள். "நீ இஞ்சை நில்லு லட்சுமி. ஆரும் கேட்டால் நான் சொன்னது எண்டு சொல்லு. எனக்கு ஆனையிறவுக்கு அங்காலை யாழ்ப்பாணத்திலை வீடும் பிள்ளையளும். விதைப்பு உன்ரை பாடு. சூடு அடிக்க நான் வாறன்."

"அம்மா மாதிரியோ வருவீங்கள்?"

"அவாவுக்குச் சூடு வராமலிருக்க ஒரு சாட்டு. நான் வருவன்."

சிவலட்சுமி கேட்டாள்: "எப்பிடி நிக்கிறது அக்கா, கதிரை போட்டோ, போடாமலோ?"

முதலில் சிரித்தவர் வாத்தியார். பிறகு நாகேஸ்வரி, தாயைப் போலவே வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இந்த முற்றத்தில் பதினெட்டு நாளாக இல்லை.

பாயின் ஓரத்தில் பெரிய துளி ஒன்று விழுந்தது. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். வாத்தியார் கொப்பியைக் கதிரையில் போட்டுவிட்டுப் பாயின் ஒரு மூலையைப் பிடித்தார். நெல்லை உள்ளே கொண்டுவந்து சாக்கில் அள்ளியபின், அதை வைக்கும் மூலையில் தகரப் பெட்டி இருப்பதைச் சிவலட்சுமி கண்டாள். காலால் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுச் சாக்கை இழுத்து வைத்தாள். சேலைகளை எடுத்துக் கொடியில் போட நேரமில்லை. வாத்தியாரின் கொப்பி வெளியே நனைந்துகொண்டிருந்தது, அவள் ஓடினாள்.